இல்லை என்று சொன்ன மாத்திரை

மாத்திரை இருந்தது. நான் இல்லை என்று சொன்னேன்.

என் முதுகுக்குப் பின்னால் இருந்த இரும்பு அலமாரியில், மேல் தட்டில், ஓர் அட்டைப் பெட்டி நிறைய இருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவள் நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அவள் கேட்டாள், நான் இல்லை என்றேன்... அதோடு நிறுத்தியிருந்தால்கூட இன்று இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். கூடவே இன்னொரு பொய்யும் சொன்னேன். அதுதான் அவளைக் கெடுத்தது.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். தெரிந்தவர்கள் எல்லோரும் என்னை நல்லவள் என்று முடிவு கட்டி வெகுநாளாகிறது. அந்த முடிவுக்குள்தான் நான் மாட்டிக்கொண்டு கிடக்கிறேன்!

என்னை ராஜி என்பார்கள். ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். கல்யாணமாகிக் கொல்கத்தா வந்தேன், கணவருக்குத் துறைமுகத்தில் வேலை, கிடர்பூரில் குடியிருப்பு. மகன் சென்னையில் இருக்கிறான். நான் அரசாங்கப் பணத்தில் நடக்கிற குடும்ப நல நிலையம் ஒன்றில் ஆலோசகராக இருக்கிறேன். ஆலோசகர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஓர் அலமாரி. பெண்கள் வருவார்கள். காப்பர்-டி போட்டுக்கொள்வது எப்படி, தினசரி மாத்திரையை மறந்தால் என்ன செய்வது என்று சொல்வேன், கேட்பதைக் கொடுப்பேன். எல்லாம் இலவசம்.

அவசர கருத்தடை மாத்திரையும் அதில் உண்டு. பாதுகாப்பில்லாமல் சேர்ந்துவிட்ட பெண், மூன்று நாளைக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் ஒன்றை விழுங்க வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததும் எளிமையானதுதான். கேட்பவள் யாராக இருந்தாலும் கொடு. கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்காதே. கூட யார் வந்தார்கள் என்று கேட்காதே. முகத்தைச் சுளிக்காதே. புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுப்பவளே நான்தான்! "நீ அவளுக்கு மாமியார் கிடையாது, மருந்து கொடுக்கிறவள், அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்" என்று வங்காளத்தில் சொல்லுவேன். அவர்களும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள்.

இனி கமலாவைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு மேல் மாடியில் இருப்பவள். அவள் கணவரும் துறைமுகத்தில்தான். சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். ஊரிலேயே இருந்திருந்தால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்திருக்காது. இங்கே வந்து, நாலு பக்கமும் வேறு பாஷைக்கு நடுவில், கூடப்பிறந்தவர்களைவிட ஒட்டிக்கொண்டோம். அவளுக்குப் பிரசவ வலி எடுத்தபோது டாக்சி பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான். பிறந்த பெண்ணுக்கு இந்த ஊர்க்காரர்கள் வாயில் நுழைகிற பெயராக இருக்கட்டும் என்று மதுமிதா என்று வைத்தார்கள். எங்களுக்கு மது.

மது என்னை மாஷி என்றுதான் கூப்பிடுவாள். இந்த ஊரில் அம்மாவின் அக்கா தங்கை எல்லாம் மாஷி. தமிழ் நன்றாகப் பேசுவாள், ஆனால் வாசற்படிக்கு உள்ளே மட்டும். படி தாண்டினால் வங்காளம். "எங்க வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ்ல திட்டு வாங்கத்தான் தெரியும்" என்று கமலா கேலி செய்வாள்.

படிப்பில் கெட்டி. கரியாஹாட் பக்கம் ஒரு கல்லூரியில் புள்ளியியல் கடைசி வருஷம். அதன் பிறகு பெங்களூரில் மேற்படிப்பு என்று ஆசைப்பட்டாள். அவள் அப்பா லேசில் சம்மதிக்கவில்லை. பெண் பிள்ளையைத் தனியாக அனுப்புவதா என்று இழுத்தார். அவரிடம் போய்ப் பேசியவள் நான்தான். "நம்ம மது அப்படிப்பட்ட பிள்ளை கெடையாது. ஒண்ணுன்னா நான் பொறுப்பு" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். என் வார்த்தையை நம்பித்தான் அவர் சரி என்றார்.

பொறுப்பு! எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்... அந்த ஒரு சொல்தான் பிறகு அந்த நாற்காலியில் எனக்குள் உட்கார்ந்துகொண்டு பேசியது.

துர்கா பூஜை நேரம். கரியாஹாட் பக்கத்து நிலையத்தில் இருந்த பெண் விடுப்பில் போய்விட்டதால் அந்த வாரம் என்னை அங்கே அனுப்பியிருந்தார்கள். மறுநாளிலிருந்து பூஜை விடுமுறை. வெளியே கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை. பாதித் தெருவை மூங்கில் கட்டி மறித்திருந்தார்கள். உள்ளே ஓர் ஈ காக்காய் இல்லை. யாருக்கு அன்றைக்கு ஆலோசனை வேண்டியிருக்கிறது?

மதியம் மது வந்தாள்.

துப்பட்டாவைத் தலையில் போட்டிருந்தாள். உள்ளே நுழைந்தவள் என்னைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். நான் கிடர்பூரில் வேலை செய்கிறேன் என்பதனாலேயே அவள் அந்த நிலையத்துக்கு வந்திருக்கிறாள்! என்னைத் தவிர்க்கத்தான் அங்கே வந்தாள், அங்கேயும் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவள் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. அவளுக்கு வேறு வழி இல்லாமல் இருந்திருக்க வேண்டும். மெதுவாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, வங்காளத்தில் கேட்டாள்.

"தீதி, அந்த எமர்ஜென்சி மாத்திரை இருக்கா?"

தீதி என்றால் அக்கா. முன்பின் தெரியாத எந்தப் பெண்ணையும் இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். மாஷி என்று அவள் சொல்லவில்லை. அதற்கு என்ன பொருள் என்று எனக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. இந்த மேசைக்கு இருபுறமும் நாம் வேற்று மனிதர்களாக இருந்துகொள்வோம். நீங்கள் கொடுங்கள், நான் வாங்கிக்கொண்டு போகிறேன். நாளைக்கு மாடிப்படியில் பார்த்தால் நான் உங்கள் மது, நீங்கள் என் மாஷி. அவ்வளவு பயத்திலும் அந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு வழி தோன்றியிருக்கிறது! எனக்கும் அதில் ஒரு நஷ்டமும் இல்லை. "இருக்கு" என்று வங்காளத்தில் ஒரு சொல் சொல்லி, திரும்பி அலமாரியைத் திறந்திருந்தால் போதும்.

நான் தமிழில் பதில் சொன்னேன்.

"இங்க வந்து என்னட்டி செய்யுத?"

அந்த ஒரு கேள்வியோடு அவளுடைய அம்மா, அப்பா, மாடிப்படி, எங்கள் குடியிருப்பு மொத்தமும் அந்த அறைக்குள் வந்து நின்றுவிட்டன. அவள் முகம் வெளுத்துப்போனது. அப்போதும் விடாமல் வங்காளத்திலேயே, இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள் தீதி என்றாள். அது எனக்குக் கோபத்தை மூட்டியது. என்னையா அந்நியமாக்குகிறாய் என்று ஒரு வீம்பு. கேட்கக் கூடாது என்று நானே பாடம் நடத்துகிற கேள்விகள் அத்தனையும் கேட்டேன். யார் அவன்? எத்தனை நாளாக நடக்கிறது? அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? எப்போது என்று கேட்டதற்கு மட்டும், நேற்று முன்தினம் ராத்திரி என்றாள்.

நேரம் இருந்தது. தாராளமாக இருந்தது!

ஸ்டாக் இல்லை என்றேன்.

அவள் பெரிதாக ஏமாற்றமடையவில்லை. ஒரு மருந்துக் கடைக்குப் போனதாகவும், அங்கே இருந்த ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்ததால் திரும்பி வந்துவிட்டதாகவும், பரவாயில்லை, வேறு கடையில் கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றும் சொல்லிவிட்டு எழுந்தாள். அந்த எழுந்திருப்பில் ஒரு விடுதலை இருந்தது. என் பிடியிலிருந்து கழன்று போகிறாள் என்று பட்டது எனக்கு. போய் வாங்கி விழுங்கிவிடுவாள், ஒன்றும் நடக்காதது போல வீட்டில் வந்து நிற்பாள், நான் மட்டும் இதைத் தெரிந்துகொண்டு, அவள் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்தவளாக முழித்துக்கொண்டு நிற்க வேண்டும்... அந்த நினைப்பில் வாயில் வந்தது அந்த இரண்டாவது பொய்.

"கடையில வாங்கியும் பிரயோசனம் இல்ல. நேரம் தாண்டிட்டு."

அப்போதுதான் அவள் தமிழுக்கு வந்தாள்.

"மூணு நாள் வரைக்கும்னு போட்டிருக்கே, மாஷி?"

"போன்ல என்னத்தையாவது போட்டிருப்பான். இந்த வேலையிலேயே கெடக்கேன், எனக்குத் தெரியாதா? ஒண்ணும் ஆயிருக்காது. பேசாம வீட்டுக்குப் போ."

அவள் நம்பினாள். எங்கோ படித்ததைவிட என்னை நம்பினாள். புள்ளியியல் படிக்கிற பெண், எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற பெண், என் வாயிலிருந்து வந்தது என்பதற்காக அதைச் சரிபார்க்காமல் எடுத்துக்கொண்டு போனாள்! வேறு யார் சொல்லியிருந்தாலும் இன்னொரு கடை ஏறியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

நான் ஏன் அப்படிச் செய்தேன்? இத்தனை நாளும் இதைத்தான் குடைந்துகொண்டிருக்கிறேன். அவள் மேல் எனக்கு வெறுப்பா? சத்தியமாக இல்லை. ஓர் இரவு பயந்து கிடக்கட்டும், புத்தி வரட்டும், நாளை நானே வீட்டில் வைத்துக் கொடுத்துவிடுகிறேன் என்றுதான் நினைத்தேன். அவள் போனதும் அலமாரியைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அதைப் போடும்போது எனக்கு என் மேலேயே ஒரு மதிப்பு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு பொறுப்பானவள் நான்!

அந்த நாற்காலியில் என் மகன் வந்து, அம்மா, ஒரு பெண்ணுக்கு வேண்டும் என்று கேட்டிருந்தால்? நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

மறுநாள் மாலை கமலா வீட்டுக் கொலுவுக்குப் போனேன். ஊரே பந்தல் பந்தலாகச் சுற்றிக்கொண்டிருக்க, எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வீடு கொலு பார்த்துக்கொண்டிருந்தோம். கைப்பையில் அந்த அட்டை இருந்தது. அன்றும் நேரம் இருந்தது. கமலா குங்குமம் கொடுத்தாள், வழக்கம்போலப் பாடச் சொன்னாள். பாடினேன்! எனக்கே அது இன்று நம்ப முடியாமல் இருக்கிறது. நான் பாட, மது எல்லோருக்கும் சுண்டல் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கூட்டம் குறைந்ததும் அவள் சமையலறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அவள் தனியாக நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பையின் ஜிப்பைத் திறந்துவிட்டேன். விரலில் அட்டை தட்டுப்பட்டது. நீட்ட வேண்டியதுதான் பாக்கி. அவள் திரும்பினாள்.

"என்ன மாஷி, தண்ணியா?"

அந்தக் கணத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. இதை நீட்டினால், நேற்று ஸ்டாக் இல்லை என்றது பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். நேரம் தாண்டிவிட்டது என்றதும் பொய் என்று தெரிந்துவிடும். மாஷி பொய்க்காரி, அதுவும் இந்த விஷயத்தில், என்று அவள் கண் என்னைப் பார்க்கும். அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை...

"ஆமா" என்றேன்.

தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டேன். என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு படியிறங்கினேன். அந்த அட்டை என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? விடுமுறை முடிந்ததும் கரியாஹாட்டுக்குக் கொண்டுபோய்ப் பழையபடி பெட்டியில் வைத்துவிட்டேன். வேறு யாருக்கோ போயிருக்கும்.

அந்த மாத்திரை நூற்றுக்கு நூறு பலிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. கொடுத்திருந்தாலும் கரு தங்கியிருக்கலாம். இந்த ஒரு நியாயத்தைப் பிடித்துக்கொண்டு நான் பல நாள் தூங்கியிருக்கிறேன். ஆனால் அவள் கேட்டது உத்தரவாதம் இல்லையே... ஒரு வாய்ப்பைத்தானே கேட்டாள்! அதைக் கொடுக்காமல் இருக்க நான் யார்?

காளி பூஜை எல்லாம் முடிந்து குளிர் ஆரம்பித்த பிறகு ஒரு பிற்பகல், கமலா என் வீட்டுக் கதவை இரண்டு கையாலும் தட்டினாள். மேலே போய்ப் பார்த்தேன். மது குளியலறை வாசலில் சுருண்டு கிடந்தாள். உடுப்பெல்லாம் ரத்தம். நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் ஒரு தோழியை அழைத்துக்கொண்டு ஹவுரா பக்கம் போய், எவனோ ஒருவன் டாக்டர் சீட்டில்லாமல் கொடுத்த எதையோ வாங்கித் தின்றிருக்கிறாள். கல்யாணமாகாத பெண்ணும் மருத்துவமனையில் முறையாகக் கலைத்துக்கொள்ளலாம், சட்டம் இடம் கொடுக்கிறது, எங்களைப் போன்றவர்கள் எழுதிக் கொடுத்து அனுப்பினால் போதும். ஆனால் எங்களைப் போன்றவர்களிடம் அவள் இனி எப்படி வருவாள்? ஒரு தடவை வந்து பார்த்துவிட்டாளே!

எனக்குத் தெரிந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். எனக்குத் தெரிந்த டாக்டர் அம்மா. ரத்தம் ஏற்றினார்கள், சுத்தம் செய்தார்கள். அதிகம் கேள்வி கேட்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சியது நான்தான். ஓடி ஓடி மருந்து வாங்கியது, கமலாவைத் தாங்கிப் பிடித்தது எல்லாம் நான்தான். பிள்ளை பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் கட்டில் பக்கத்தில் நானும் கமலாவும் உட்கார்ந்திருந்தோம். அழுது ஓய்ந்து போயிருந்த கமலா, மகளைப் பார்த்து மெதுவான குரலில் கேட்டாள்.

"ராஜியக்கா இதே வேலையிலதான இருக்கா. ஆரம்பத்துலேயே அவகிட்டப் போய்க் கேட்டிருக்கலாமில்லாட்டி? நம்மளக் கைவிட்டிருவாளா?"

சொல்லப்போகிறாள், இதோ சொல்லப்போகிறாள் என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மது என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! சும்மா பார்த்தாள். பிறகு அம்மா பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கேக்கத் தோணலம்மா."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதாகத் தெரியவில்லை.

ஏன் என்னைக் காப்பாற்றினாள்? அம்மாவுக்கு இருக்கிற ஒரே துணையையும் பிடுங்க வேண்டாம் என்றா? சொன்னால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது என்ற சலிப்பா? அல்லது, நீயே இதைச் சுமந்துகொண்டு கிட என்றா? நான் கேட்டதில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. நேரம் தாண்டவில்லை என்பதை அவள் பிறகு எங்காவது படித்துத் தெரிந்துகொண்டிருப்பாளா என்றுகூட எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டிருப்பாள். அவள் எதையும் விடுகிறவள் இல்லை.

அவள் அப்பா ஒரு வார்த்தை கத்தவில்லை. மகளோடு பேசுவதை நிறுத்தினார். பெங்களூர் போவது நின்றது. பரீட்சையை மட்டும் எழுதவிட்டார்கள். அந்த வெயில் காலத்திலேயே தென்காசிப் பக்கம் சொந்தத்தில் ஒரு பையனைப் பார்த்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். நல்ல பையன்தான் என்கிறார்கள், உரக்கடை வைத்திருக்கிறான். கரியாஹாட்டில் படித்த காலத்து எந்த மனிதரையும் அவள் இனி பார்க்கப் போவதில்லை. கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். எனக்குப் பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தாள் கமலா! "நீங்க இல்லன்னா என் பிள்ளை இன்னைக்கு மணையில உக்காந்திருக்குமாக்கா" என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அவள் அப்பா என்னிடம் வந்து, நீங்கள் பொறுப்பு என்றீர்களே என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். அவரும் கேட்கவில்லை. என்னைக் கண்டால் கும்பிடுகிறார்.

சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை மாடிப்படி ஏறியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கதவைத் திறக்கிற கமலாவின் முகம் அப்படி மலரும். வாங்கக்கா, இப்பதான் காப்பி போட்டேன் என்பாள். சொன்னால் அவளுக்கு மகளின் வாழ்க்கை மறுபடி ஒரு தடவை இடிந்துபோகும், என்னையும் சேர்த்து இழப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காப்பியைக் குடித்துவிட்டு இறங்கிவிடுவேன். அவளுக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்று உங்களிடமும் சொல்லலாம். நீங்கள் நம்பினாலும் நம்புவீர்கள். ஆனால் அது நிஜமில்லை.

வேலையில் இப்போது எப்படி இருக்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். யார் வந்து கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். தண்ணீரும் கொடுத்து அங்கேயே விழுங்கச் சொல்கிறேன். இதைப் பரிகாரம் என்று தயவுசெய்து எண்ணிவிடாதீர்கள். இது என் வேலை. சம்பளம் வாங்குகிறேன். சென்ற மழைக்காலத்தில் நிஜமாகவே மாத்திரை வராமல் போயிற்று. மேலிடத்துக்கு எழுதினோம், வரும் வரும் என்றார்கள், வெகு நாள் வரவில்லை. வந்த பெண்களிடமெல்லாம் ஸ்டாக் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அன்று பொய்யாகச் சொன்னபோது என்ன குரலோ, அதே குரலில்தான் நிஜமும் வந்தது! கடையில் எந்தப் பெயரைச் சொல்லி வாங்க வேண்டும், எத்தனை நாளைக்குள் போட வேண்டும் என்று துண்டுத் துண்டாக எழுதிக் கொடுத்தேன். ஒரு பெண் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்து காட்டினேன். அப்படியும் அவள் என்னை நம்பவில்லை. அவளைக் குற்றம் சொல்ல முடியுமா?

இப்போது எழுதக் காரணம் வேறு.

மது உண்டாகியிருக்கிறாள். தலைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு, அதாவது எங்கள் மாடிக்கு, வரப்போகிறாள். சேதி வந்த நாளிலிருந்து கமலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நேற்று என் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். எந்த டாக்டரிடம் காட்டுவது, யாரைத் துணைக்கு வைத்துக்கொள்வது... எல்லாவற்றுக்கும் நான்தான். கடைசியாக, கொஞ்சம் தயங்கி, இன்னொன்றும் கேட்டாள்.

எங்கள் பக்கத்தில் சேனை தொட்டு வைப்பது என்று ஒரு வழக்கம். பிறந்த குழந்தையின் நாக்கில், வேறு எதுவும் படுவதற்கு முன்னால், ஒரு சொட்டு சீனித் தண்ணீரை விரலால் தொட்டு வைப்பார்கள். யார் வைக்கிறார்களோ அவர்களுடைய குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதனால் சொந்தத்தில் ஆள் பார்த்து, யோசித்து, நல்ல மனசுக்காரர்களாகத் தேடித்தான் அதை வைக்கச் சொல்வார்கள்.

"நீங்கதான் சேனை வைக்கணும்க்கா. உங்க குணம் பிள்ளைக்கு வரட்டும்."

தப்பிக்க ஒரு வழி கையிலேயே இருந்தது. பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறு எதையும் கொடுக்கக் கூடாது என்று தினமும் பெண்களிடம் சொல்கிறவள் நான். அதைத்தான் சொன்னேன். டாக்டர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், வேண்டாம் கமலா என்றேன். சொன்னது உண்மைதான். ஆனால் எதற்காகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். மறுபடியும் என் வேலையைக் காட்டி ஒளிந்துகொள்கிறேன்!

கமலா கேட்கவில்லை. விரல் நனைய ஒரு சொட்டுதானே, அதில் என்ன வந்துவிடும் என்றாள். வேறு யாரையும் அவளால் நினைக்க முடியவில்லையாம். நான் அப்போதும் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, மதுவுக்குப் பிடிக்குமோ என்னவோ என்று நான் யோசிக்கிறேன் என்று அவள் நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. என் முழங்காலைத் தட்டிச் சிரித்தாள்.

"மதுகிட்டயும் போன்ல கேட்டுட்டேன்க்கா. மாஷியே வைக்கட்டும்னுட்டா."